அஞ்சாத உயிர்களைக் காணப் போகும் முன்

கலாபகோஸ் தீவுகளில் கடற்சிங்கம் பயணியின் காலடிக்கு அருகிலேயே படுத்துத் தூங்கும். நீலக்கால் பூபிப் பறவை நடைபாதையின் ஓரத்தில், சில நேரம் நடுவிலேயே, முட்டையிட்டு அடைகாக்கும். விலகிப் போகவேண்டியது மனிதர்தான். தென் அமெரிக்காவின் ஈக்வடார் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, பூமத்திய ரேகையின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கும் எரிமலைத் தீவுகள் இவை. எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. அங்கே இயற்கையாக வாழும் ஒவ்வொரு உயிரின் மூதாதையும் பறந்தோ நீந்தியோ மிதந்தோ காற்றில் அடித்துவரப்பட்டோ வந்து சேர்ந்தது. துரத்திக் கொல்லும் பெரிய பாலூட்டிகளால் அந்தக் கடலைக் கடக்க முடியவில்லை. தரையில் எதிரி இல்லாமல் பல லட்சம் ஆண்டுகள் வாழ்ந்த உயிர்களுக்கு ஓடி ஒளியும் பழக்கம் தேவைப்படவில்லை. இந்த அச்சமின்மையைக் காணத்தான் உலகம் அங்கே போகிறது. 2019-ல் சுமார் 2,71,000 பேர் போனார்கள். 2023-ல் அந்த எண்ணிக்கை 3,20,000-ஐத் தாண்டியது. அங்கே நிரந்தரமாக வசிப்பவர்களோ சுமார் 30,000 பேர்தான்.

பயணத் தயாரிப்பு என்றால் நம் வசதிக்காக, நம் பாதுகாப்புக்காகச் செய்துகொள்வது என்றே பழகியிருக்கிறோம். கலாபகோஸுக்குப் போகிறவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே காப்பாற்றப்பட வேண்டியவை தீவுகள். ஆபத்து, பயணியோடு கூடவே வருகிறது. எனவே கப்பலில் இடம் பிடிப்பது முதல் காலணியைப் பெட்டியில் வைப்பது வரை ஒவ்வொரு முடிவையும் தீவின் பக்கத்திலிருந்து யோசித்து எடுக்க வேண்டும். அப்படி யோசிப்பவருக்கே அந்தத் தீவுகள் முழுமையாகக் காணக் கிடைக்கும் என்பதுதான் என் வாதம். தியாகம் செய்யச் சொல்லும் வாதம் அல்ல இது. தீவுக்கு நன்மை செய்யும் முடிவும் பயணிக்கு நிறைவு தரும் முடிவும் அங்கே பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதை இனி வரும் சான்றுகள் காட்டும்.

முதலில் ஒரு கொசுவைப் பார்ப்போம். நம் ஊர்ச் சாக்கடைகளில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் கொசு, கலாபகோஸுக்கும் போய்விட்டது. அது ஒருமுறை தற்செயலாக வந்து தங்கிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்தக் கொசு விமானங்களில் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது என்பதை மரபணுச் சான்றுகளோடு நிறுவியது. தீவுக்குத் தீவு அது பரவுவதில் சுற்றுலாப் படகுகளுக்குப் பங்கு உண்டு என்பதும் தெரிந்தது. இதே கொசு ஹவாய்த் தீவுகளில் பறவை மலேரியாவைப் பரப்பி, அங்கு மட்டுமே வாழ்ந்த பல பறவையினங்களை அழித்தொழிக்கக் காரணமாக இருந்தது. கலாபகோஸில் இறங்கும் முன் விமானத்தின் தலைக்கு மேலுள்ள பெட்டிகளில் மருந்து தெளிப்பதற்கும், இரவில் நங்கூரமிட்ட கப்பல்கள் வெளிவிளக்குகளைக் குறைப்பதற்கும் இதுதான் பின்னணி. வெளிச்சத்தை நாடி வரும் பூச்சி கப்பலிலேயே ஒட்டிக்கொண்டு விடிவதற்குள் அடுத்த தீவுக்குப் போய்விடும். மாலை ஆனதும் மேல்தளத்தில் விளக்கை அணைக்கிறார்களே என்று முகம் சுளிக்கும் பயணிக்கு இந்தக் காரணம் முன்பே தெரிந்திருந்தால், அந்த இருட்டில் நட்சத்திரங்களைப் பார்க்கப் பழகிக்கொள்வார்.

இப்படி வெளியிலிருந்து வந்து சேர்ந்த செடி, பூச்சி, விலங்கு வகைகள் ஆயிரத்துக்கும் மேல். நம் முதுமலைக் காட்டை மூடிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடி அங்கேயும் இருக்கிறது. நீலகிரியில் ஆங்கிலேயர் பயிரிட்ட சின்கோனா மரம் சாண்டா குரூஸ் தீவின் மேட்டுநிலத்தில் பரவி உள்ளூர்த் தாவரங்களை நெருக்குகிறது. நாம் விரும்பித் தின்னும் கொய்யா, அங்கே வெட்ட வெட்டத் தழைக்கும் களை. 1982-ல் நுழைந்த ஒரு செதில் பூச்சி அலையாத்தி மரங்களையே சாறுறிஞ்சி வாட்டியது. அதைக் கட்டுப்படுத்த 2002-ல் ஆஸ்திரேலியப் பொறிவண்டை யோசித்து யோசித்து இறக்குமதி செய்தார்கள். எல்லாவற்றிலும் கொடியது ஃபிலோர்னிஸ் என்னும் ஈ. அதன் புழுக்கள் கூட்டில் இருக்கும் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சிக் கொல்கின்றன. இசபெலா தீவின் அலையாத்திக் காட்டில் மட்டும் வாழும் ஒரு ஃபிஞ்ச் குருவி இனத்தில் இன்று ஏறத்தாழ நூறு பறவைகளே மிச்சம். மனிதர் விட்ட ஆடுகள் தின்று தீர்த்த தீவுகளை மீட்க 1997 முதல் 2006 வரை நடந்த இசபெலா திட்டத்தில் 1,40,000-க்கும் அதிகமான ஆடுகளை அகற்ற வேண்டியிருந்தது. செலவு ஒரு கோடி டாலருக்கு மேல். சில ஆடுகளைக் கொண்டு இறக்க யாருக்கும் எந்தச் செலவும் ஆகியிருக்காது.

இங்கே ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: இவற்றையெல்லாம் கொண்டுவந்தவர்கள் மாலுமிகள், குடியேறியவர்கள், சரக்குக் கப்பல்கள்தானே? ஒரு வாரம் வந்து போகும் பயணியைக் குற்றம் சொல்வது எதற்கு? பெரும்பாலான பூச்சிகளும் விதைகளும் சரக்கோடுதான் வருகின்றன என்பது உண்மை. அந்தச் சரக்கு யாருக்காக வருகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். லட்சக்கணக்கான விருந்தினர்களுக்கான காய்கறி, குளிர்பானம், கட்டுமானப் பொருள், எரிபொருள் எல்லாம் குவாயாகில் துறைமுகப் பக்கமிருந்துதான் போகின்றன. 2001 ஜனவரியில் ஜெசிகா என்னும் எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் துறைமுக வாயிலில் தரைதட்டி உடைந்தது. அதில் தீவுகளுக்கான டீசலோடு, ஒரு சுற்றுலாக் கப்பலுக்கான கன எண்ணெயும் இருந்தது. காற்றும் நீரோட்டமும் பெரும்பகுதியைத் திறந்த கடலுக்குக் கொண்டு போனதால் பேரழிவு தப்பியது என்று அன்று நினைத்தார்கள். ஆனால் எண்ணெய்ச் சுவடு லேசாகப் பட்ட சாண்டா ஃபே தீவில், கடல் இகுவானாக்களில் சுமார் 62 சதவீதம் ஓராண்டுக்குள் இறந்தன. கண்ணில் படாத அளவு மாசுகூட அங்கே உயிரை வாங்கும். பயணியின் தேவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கப்பலில் ஏறி வருகிறது என்பதை உணர்ந்தவர், தன் தேவைகளைச் சுருக்கிக்கொள்வதையே தயாரிப்பின் முதல் வேலையாக வைத்துக்கொள்வார்.

பெட்டி கட்டுவதை இந்த நோக்கில் பார்த்தால் முன்னுரிமைகள் மாறும். காலணியின் அடிப்பள்ளங்களில் ஒட்டிய மண், காலுறையில் குத்திய புல்விதை, முதுகுப்பையின் மூலையில் கிடக்கும் துணுக்குகள், கேமரா முக்காலியின் கால் இவைதான் விதைகளின் வாகனங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரமே காலணியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, பையைக் கவிழ்த்துத் தட்டிச் சுத்தம் செய்துவிட வேண்டும். கீட்டோ, குவாயாகில் விமான நிலையங்களில் உயிரிப் பாதுகாப்பு முகமையினர் பெட்டிகளைச் சோதிப்பார்கள். பழம், விதை, செடி, பச்சை இலை எதுவும் அனுமதியில்லை. வெளிநாடு போனால் கறிவேப்பிலை, எலுமிச்சை, வெற்றிலை என்று எடுத்துச் செல்லும் நம் வழக்கத்தை இந்த ஒரு பயணத்தில் அடியோடு நிறுத்த வேண்டும். சைவ உணவு வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது அவசியம். கப்பல் புறப்பட்ட பிறகு நடுவழியில் கேட்டால் வாங்கிக்கொள்ளக் கடை கிடையாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2018 முதல் கட்டுப்பாடு வந்துவிட்டது. தண்ணீருக்கு எஃகுக் குப்பி போதும். வெயில் கடுமையானது என்பதால் தோலில் பூசும் களிம்பு தேவைதான். ஆனால் கடலுக்குத் தீங்கு குறைவான துத்தநாக வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் அதைவிட நல்லவை.

அடுத்து மாதமும் பாதையும். பெரும்பாலானோர் விடுமுறையைப் பார்த்து மாதத்தையும், விலையைப் பார்த்து கப்பலையும் முடிவு செய்கிறார்கள். தீவுகளை ஆள்பவையோ கடல் நீரோட்டங்கள். தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும், வடகிழக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான பனாமா நீரோட்டமும், மேற்கிலிருந்து கடலடியில் வந்து தீவுகளில் மோதி மேலெழும் குரோம்வெல் நீரோட்டமும் அங்கே சந்திக்கின்றன. பூமத்திய ரேகையில் பெங்குவின் வாழ்வது இதனால்தான். மேற்கே பெர்னாண்டினா, இசபெலா கரைகளில் மேலெழும் குளிர்நீர் ஊட்டச்சத்தையும் மீனையும் கொண்டுவருகிறது. பெங்குவினும், சிறகு சுருங்கிப் பறக்க மறந்த நீர்க்காகமும் அதை நம்பி அங்கேயே இருக்கின்றன. ஜூன் முதல் நவம்பர் வரை குளிர்ந்த பருவம்: தூறல் மேகம், ஆட்டம் காணும் கடல், நடுங்க வைக்கும் தண்ணீர், ஆனால் கடலுக்குள் உயிர்ப் பெருக்கம். டிசம்பர், ஜனவரி முதல் மே வரை வெப்பப் பருவம்: அவ்வப்போது மழை, அமைதியான கடல், பச்சை பிடித்த மேடுகள், கடலாமைகளும் கடல் இகுவானாக்களும் முட்டையிடும் காலம். அலைவரி அல்பட்ரோஸ் பறவைகள் ஏறக்குறைய முழுவதும் எஸ்பன்யோலா என்ற ஒரே தீவில்தான் இனப்பெருக்கம் செய்கின்றன. ஏப்ரல் வாக்கில் வந்து டிசம்பரோடு கிளம்பிவிடும். பிப்ரவரியில் போய் அல்பட்ரோஸைத் தேடுபவர் ஏமாறுவது உறுதி. இரண்டு பருவங்களும் கைகோக்கும் மே மாதமே முதல் பயணத்துக்கு ஏற்றது என்பது என் கணிப்பு. நம் பள்ளி விடுமுறையோடு அது ஒத்துவருவது நல்ல வாய்ப்பு.

பாதையைப் பொறுத்தவரை, ஒரே பயணத்தில் எல்லாத் தீவுகளையும் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். கூட்டத்தைப் பரவலாக்குவதற்காக, ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு இரண்டு வாரத்துக்குள் மறுபடி வரக்கூடாது என்று தேசியப் பூங்கா நிர்வாகம் விதித்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு கப்பலும் மேற்குப் பாதை ஒரு வாரம், தெற்கு அல்லது வடக்குப் பாதை ஒரு வாரம் என்று மாறி மாறிப் போகும். அல்பட்ரோஸ் வேண்டுமென்றால் எஸ்பன்யோலா செல்லும் வாரம். நீர்க்காகமும் பெங்குவினும் வேண்டுமென்றால் பெர்னாண்டினா செல்லும் வாரம். எதைப் பார்க்க ஆசை என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற பாதையையும் மாதத்தையும் கப்பலையும் அந்த வரிசையிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் பெர்னாண்டினாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வந்த எலியோ பூனையோ ஆடோ இன்றுவரை காலூன்றாத பெரிய தீவு அது. ஊர்களில் தங்கி அன்றாடப் படகில் போய்வரும் பயணிகள் அதை எட்டுவது அரிது. கப்பல் பயணிகளே போகிறார்கள். ஆக, மிகத் தூய்மையான தீவில் காலடி வைப்பவர் அந்தக் கப்பல் பயணிதான். அவர் காலணி சுத்தமாக இருப்பது மற்ற எவருடையதையும்விட முக்கியம்.

கப்பல் சிறியதா பெரியதா என்ற விவாதத்தை நீட்ட வேண்டியதில்லை. உச்சவரம்பே 100 பயணிகள். ஒரு வழிகாட்டியோடு 16 பேருக்கு மேல் கரையில் நடக்க முடியாது. 16 பேர் கப்பலில் மொத்தப் பயணிகளும் ஒரே குழு, காத்திருப்பு குறைவு. பெரிய கப்பலில் ஆட்டம் குறைவு. வயதானவர்களுக்கு அது ஏற்றது. குமட்டல் வருபவர்கள் கீழ்த்தளத்தின் நடுப்பகுதி அறையைக் கேட்டு வாங்கலாம். மருந்தைக் குமட்டல் தொடங்கும் முன்பே சாப்பிட வேண்டும். இவற்றைவிட, உடலை ஆயத்தப்படுத்துவதில் நம்மவர்கள் தவறவிடும் ஒன்று நீச்சல். கலாபகோஸின் பாதி உலகம் தண்ணீருக்குள் இருக்கிறது. பாசி மேய முக்குளிக்கும் கடல் இகுவானா, சுழன்று விளையாடும் கடற்சிங்கக் குட்டி, பச்சை ஆமை, அம்புபோல் பாயும் பெங்குவின் எல்லாம் முகமூடி அணிந்து மிதப்பவருக்கே கிடைக்கும் காட்சிகள். புதிய லென்ஸ் வாங்கும் பணத்தில், ஊரிலுள்ள நீச்சல்குளத்தில் இரண்டு மாதம் பயிற்சி எடுத்து, மூச்சுக்குழாயோடு மிதக்கப் பழகிக்கொண்டு போவது பல மடங்கு பயன் தரும். கரையிறங்குவதும் சில இடங்களில் முழங்கால் தண்ணீரில்தான். சில இடங்களில் வழுக்கும் எரிமலைப் பாறையில். அடி பிடித்து நிற்கும் மூடிய காலணி ஒன்று, நனையத் தக்க செருப்பு ஒன்று, இவ்வளவு போதும்.

மனத்தை ஆயத்தப்படுத்துவது இதைவிட நீண்ட வேலை. 1835 செப்டம்பரில் பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் ஐந்து வாரங்களே அந்தக் கடலில் இருந்தார். எந்தக் குருவி எந்தத் தீவில் பிடிபட்டது என்று பல மாதிரிகளில் அவர் குறித்துக்கொள்ளவில்லை. அவற்றின் பொருள் இங்கிலாந்து திரும்பி, ஜான் கூல்டு என்ற பறவையியலாளர் ஆராய்ந்து சொன்ன பிறகே புலப்பட்டது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973-ல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் டாப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவின் ஃபிஞ்ச் குருவிகளை அளந்தார்கள். 1977 வறட்சியில் சிறிய விதைகள் தீர்ந்து, கெட்டியான விதைகளை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகள் அதிகம் பிழைத்ததையும், அடுத்த தலைமுறையின் அலகு பெரிதானதையும் கண்டார்கள். பரிணாமம் கண்முன்னே நடப்பதை அளந்த ஆய்வு அது. இதைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு, சாம்பல் நிறத்தில் அழகற்றுத் தோன்றும் அந்தக் குருவி பெரும் செல்வம். படிக்காமல் போகிறவர் அதைத் தாண்டி நடந்து, நீலக் கால்களைப் படமெடுக்கப் போய்விடுவார். வனவிலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் விலகியிருக்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது என்ற விதிகளும் அறிவோடு போகிறவருக்குத் தடையாகத் தோன்றாது. அசையாமல் நிற்பவரிடம் விலங்கு தானே வரும். துரத்துபவருக்கு அதன் முதுகுதான் கிடைக்கும்.

ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துவிட்டு, பள்ளிப் பிள்ளைபோல் வரிசையில் நடக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கும் பணத்துக்குச் சுதந்திரம் எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால் அங்கே விலை கொடுத்து வாங்குவதே அச்சமற்ற விலங்குகளின் அருகாமையை. அந்த அச்சமின்மை தானாக நிலைக்கவில்லை. திமிங்கில வேட்டையர்களும் கடற்கொள்ளையரும் இறைச்சிக்காகப் பெரும் எண்ணிக்கையில் ராட்சத ஆமைகளைக் கப்பலேற்றிய தீவுகள் இவை. பிண்டா தீவின் கடைசி ஆமையான லோன்சம் ஜார்ஜ் 2012 ஜூன் 24 அன்று இறந்தபோது அந்த இனமே முடிந்தது. எஸ்பன்யோலாவுக்கே உரிய, 15 ஆமைகளாகக் குறைந்திருந்த இனம், பிடித்து வைத்து வளர்த்துக் காட்டில் விட்டதால் இன்று 2,000-ஐத் தாண்டியிருக்கிறது. விதிகள் இருந்ததால்தான் பார்க்க ஏதோ மிஞ்சியிருக்கிறது. விதிகளைத் தளர்த்தச் சொல்பவர், தான் காசு கொடுத்த பொருளையே கெடுக்கச் சொல்கிறார்.

இன்னும் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. இவ்வளவு நொய்ந்த இடம் என்றால் போகாமல் இருப்பதே நல்லதல்லவா? உலகின் மறுபாதிக்குப் பறக்கும் விமானத்தின் புகையும் சேர்ந்துதானே கடலைச் சூடாக்குகிறது? 1982-83 எல் நீனோவில் கடல் சூடேறி, கலாபகோஸ் பெங்குவின்களில் சுமார் 77 சதவீதம் அழிந்தன. இன்றும் அவற்றின் எண்ணிக்கை இரண்டாயிரத்துக்கும் குறைவு. இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. ஆனால் பயணிகள் நின்றுபோனால் தீவுகள் தனியே விடப்படும் என்ற நம்பிக்கையை வரலாறு ஆதரிக்கவில்லை. 1990-களில் ஆசியச் சந்தைக்காகக் கடல் அட்டை பிடிக்கும் வேட்கை அங்கே பரவியது. மன்னார் வளைகுடா மீனவர்களுக்கு நன்கு தெரிந்த அதே வணிகம். பிடிக்கத் தடை வந்ததும், 1995 ஜனவரியில் மீனவர்கள் டார்வின் ஆய்வு நிலையத்தையே முற்றுகையிட்டார்கள். 2017-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுறாக்களோடு ஒரு சீனக் கப்பல் காப்பகக் கடலுக்குள் பிடிபட்டது. 1998-ல் சட்டமான கடற்காப்பகத்தைக் காவல் காக்கவும், 2022-ல் அதோடு 60,000 சதுர கிலோமீட்டர் ஹெர்மான்டாட் காப்பகத்தைச் சேர்க்கவும் பணமும் அரசியல் ஆதரவும் வேண்டியிருந்தன. உயிரோடு இருக்கும் சுறா செத்த சுறாவைவிட அதிகம் சம்பாதித்துத் தரும் என்று உள்ளூர் மக்களுக்குக் காட்டியது சுற்றுலாதான். அயல்நாட்டுப் பயணிகளின் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்ததை நான் வரவேற்கிறேன். அதே நேரம், கப்பல்களின் படுக்கை எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கும்போது, கரையில் விடுதிகள் பெருகி மொத்தக் கூட்டம் ஏறிக்கொண்டே போவதற்கும் வரம்பு வைக்கப்பட வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. விமானப் புகைக்கான நேர்மையான பதில் ஒன்றுதான்: வாழ்நாளில் ஒருமுறை போங்கள், நான்கு நாளில் ஓடிவராமல் எட்டு நாளாவது இருங்கள். கடற்கரையும் ஓய்வும் மட்டும் தேவை என்றால் அந்தமான் பக்கத்திலேயே இருக்கிறது.

கடைசியாக, இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் தாமதமாகவே அறிந்துகொள்ளும் ஒரு விஷயம். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் இந்தியப் பட்டியலில் ஈக்வடார் இருக்கிறது. ஊசி போட்டதற்கான சான்று இல்லாமல் அங்கிருந்து நேராகத் திரும்பினால், இங்கே விமான நிலையத்திலிருந்து தனிமை முகாமுக்கு அனுப்பப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் என்பதால் ஒரு மாதம் முன்பே விசாரித்துவிடுங்கள். பயண நிறுவனத்துக்கு முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். நாங்கள் போகும் வாரத்தில் கப்பல் எந்தெந்தத் தீவுகளில் இறங்கும்? எரிமலையோ, 2023-ல் வந்ததுபோன்ற பறவைக் காய்ச்சலோ ஓர் இடத்தை மூடினால் மாற்று என்ன? கழிவுநீரையும் குப்பையையும் கப்பல் என்ன செய்கிறது? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாமல் தள்ளுபடியைப் பற்றி மட்டும் பேசும் நிறுவனத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.